கழிவு நீருக்கு வழி எது?

கிராமத்தில் வீடு கட்டுவோர் வாசற்கால் வைக்க முகூர்த்தம் பார்க்கின்றனர். அடுக்களை எந்த மூலையில் அமைய வேண்டுமென்று விசாரிக்கின்றனர். கிணறு தோண்டுமுன் நீரோட்டம் பார்ப்பவரை அழைக்கின்றனர். ஆனால், அவ்வீட்டினின்று நாள்தோறும் வெளியேறப்போகும் கழிவு நீர் எங்கே செல்லும் என்பதைப் பற்றி மட்டும் ஒருவரும் ஒரு நாழிகை யோசிப்பதில்லை. அது கொத்தனாரின் காரியமென்று விட்டுவிடுகின்றனர். கொத்தனாரோ சென்ற மாதம் அடுத்த தெருவில் எதைக் கட்டினாரோ, அதையே இங்கும் கட்டிவிட்டுக் கூலி பெற்றுச் செல்கிறார்.

இவ்வசிரத்தையின் விலையைப் பெரும்பாலும் வீட்டுக்குடையவர் கொடுப்பதில்லை. அவருடைய தொட்டியிலிருந்து வழியும் நீர் எந்தக் கிணற்றில் ஊறுகிறதோ, அந்தக் கிணற்று நீரைக் குடிக்கும் குழந்தை கொடுக்கிறது. பல வருஷங்கள் கழித்துத் தொட்டி நிரம்பி வழியும் நாளில், அதனுள் இறங்கும்படி ஏவப்படும் ஏழைத் தொழிலாளி தம் உயிரையே கொடுக்கிறார். ஆதலால், கழிவு நீருக்கு எந்த ஏற்பாட்டைத் தேர்ந்தெடுப்பது என்பதைக் கட்டட வேலையின் ஒரு சிறு பகுதியாக மட்டும் நாம் கருதவில்லை. கிராம சேவையில் ஈடுபட்டுள்ள ஊழியர்கள் யாவரும் தெளிந்து கொள்ளவேண்டிய நியாயப் பிரச்சினையாகவே அதைக் கருதுகிறோம். கிராமவாசிகள் தம் கொத்தனாரை முதன்முதலாகக் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு. "இது நிரம்பிய பின் உள்ளே இருப்பதை யார் எடுப்பார்? எடுத்து எங்கே கொண்டு போவார்?" என்பதே அது. இதற்கு விடை கிடைத்தபின் கடைக்கால் தோண்டினால் போதும்.

கழிப்பறை வந்தது, வழி வந்ததா?

2014-ம் வருஷம் அக்டோபர் 2-ந் தேதி மத்திய சர்க்கார் தூய்மை பாரத இயக்கத்தைத் தொடங்கினர். கழிப்பறை கட்டும் ஏழைக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் 12,000 ரூபாய் ஊக்கத் தொகை அளிக்க ஏற்பாடாயிற்று. காந்தியடிகளின் 150-வது பிறந்த நாளாகிய 2019-ம் வருஷம் அக்டோபர் 2-ந் தேதியன்று, கிராமப்புறங்களில் திறந்தவெளி மலங்கழிப்பு ஒழிந்துவிட்டதாகப் பிரகடனமும் செய்யப்பட்டது. எல்லாக் கிராமங்களிலும் அப்பிரகடனம் முற்றும் மெய்யாயிற்றா என்ற விவாதத்தில் நாம் இப்பொழுது புகவில்லை. கோடிக்கணக்கான வீடுகளில் கழிப்பறைகள் எழும்பின என்பது உண்மை. கழிப்பறையின் சுவரும் கதவும் எல்லார் கண்ணுக்கும் தெரியும். பூமிக்குள் என்ன கட்டப்பட்டது என்பதைக் கண்டவர் சிலரே.

இதனுடன் மற்றொரு மாறுதலும் சேர்ந்துகொண்டது. 2019-ம் வருஷம் ஆகஸ்டு 15-ந் தேதி அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம், கிராமத்து வீடுகளில் ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் நீரைக் குழாய் மூலம் கொண்டு சேர்ப்பதை நோக்கமாகக் கொண்டது. தலையில் குடம் சுமந்த தாய்மார்களுக்கு இது பெரும் விமோசனமே. ஆயினும், உள்ளே வரும் நீரில் சுமார் ஐந்தில் நான்கு பங்கு கழிவு நீராக வெளியே வந்தே தீரும். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 275 லிட்டர் நீர் வந்தால், சுமார் 220 லிட்டர் வெளியேறும். ஐந்நூறு வீடுகளுள்ள கிராமத்தில் அது நாளொன்றுக்கு ஒரு லட்சத்துப் பதினாயிரம் லிட்டர். முன்னாளில் ஒரு குடம் நீரில் பாத்திரம் துலக்கி, அந்நீரைப் புழக்கடையிலிருந்த வாழைக்கு ஊற்றிய வழக்கத்துக்கு வடிகால் வேண்டியதில்லை. இன்று வேண்டியிருக்கிறது.

நீர் இரண்டு வகை

முதலில் தெளிய வேண்டியது யாதெனில், வீட்டுக் கழிவு நீர் ஒரே வகையன்று என்பதாம். குளியலறை, அடுக்களை, துணி துவைக்கும் கல் ஆகியவற்றிலிருந்து வருவது ஒரு வகை. கழிப்பறையிலிருந்து வருவது மற்றொரு வகை. அளவில் முன்னதே பெரும்பகுதி. அபாயத்தில் பின்னதே பெரிது. காலரா, டைபாய்டு, மஞ்சட் காமாலை, சீதபேதி, குடற்புழு முதலிய நோய்கள் பின்னதன் வாயிலாகவே பரவுகின்றன. இவ்விரண்டையும் ஒரே குழாயில் கலந்துவிடுவது, அபாயமற்ற பெருநீரையெல்லாம் அபாயமுள்ளதாக்கிக் கொள்வதாகும். சிறிய குழியில் அடங்கவேண்டியதற்குப் பெரிய தொட்டி தேவைப்படுவதும் இதனாலேயே.

ஆகவே இரு வழிகளையும் தனித்தனியே அமைக்க வேண்டும். குளியல், அடுக்களை நீருக்குப் பெருஞ் செலவு தேவையில்லை. கொல்லையில் இடமிருந்தால் வாழை, தென்னை, கல்வாழை முதலியவற்றுக்குப் பாத்தி கட்டிப் பாய்ச்சலாம். ஒரே இடத்தில் தேங்காமல், முறைவைத்துப் பாத்தி மாற்ற வேண்டும். இடமில்லையேல் நீளம், அகலம், ஆழம் மூன்றும் சுமார் ஒரு மீட்டராக ஓர் ஊறல் குழி வெட்டி, அடியில் பெரிய கற்களும் மேலே செங்கல் ஜல்லியும் நிரப்பி, அதில் விடலாம். எண்ணெய்ப் பிசுக்கும் சோற்றுப் பருக்கையும் குழியை அடைத்துவிடுமாதலால், அதற்கு முன்னால் ஒரு சிறு தொட்டி வைத்து அவற்றைத் தடுத்து வாரந்தோறும் எடுத்தெறிய வேண்டும். இச்சிறு வேலையைச் செய்யாதவர் வீட்டு ஊறல் குழி சில மாதங்களிலேயே சாக்கடையாகிவிடும். தேங்கிய சாக்கடையில் பெருகும் கியூலெக்ஸ் என்னும் கொசுவே யானைக்கால் நோயைப் பரப்புவது என்பதைக் காவேரிப் பிரதேசத்து வாசகர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

பெரிய தொட்டியின் மோகம்

இனிக் கழிப்பறை நீருக்கு வருவோம். இன்று நம் கிராமங்களில் கொஞ்சம் வசதியுள்ளோர் எல்லாரும் நாடுவது ஸெப்டிக் டாங்கு. இதன் மூல உருவத்துக்குப் பிரான்சு தேசத்து மூராஸ் என்பவர் 1881-ம் வருஷத்தில் காப்புரிமை பெற்றார். 1890-களில் இங்கிலாந்தில் எக்ஸிடர் நகரத்துப் பொறியாளர் டொனால்டு காமரான் அதைத் திருத்தியமைத்து, இப்பெயரை வழங்கினார். அதன் செயல் எளிது. தொட்டியில் விழும் மலத்தில் கனமானது அடியில் படிகிறது. எண்ணெய்ப் பொருளும் இலேசானவையும் மேலே மிதக்கின்றன. நடுவிலுள்ள நீர் மறுபுறக் குழாய் வழியே வெளியேறுகிறது. காற்றின்றி வாழும் கிருமிகள் அடியிலுள்ள வண்டலைச் சிறிது சிறிதாகச் செரிக்கின்றன. எனினும் முழுவதும் செரித்துவிடுவதில்லை. வண்டல் வருஷந்தோறும் உயர்ந்துகொண்டே வரும்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் விளங்கும். ஒன்று, வெளியேறும் நீர் தெளிவாகத் தோன்றினும் நோய்க் கிருமிகள் நிறைந்தது. அதை ஊறல் குழியில் விட்டு மண்ணால் வடிகட்ட வேண்டுமேயன்றித் தெருச் சாக்கடையில் விடலாகாது. இரண்டு, வண்டலைக் குறித்த காலத்தில் வண்டி கொண்டு உறிஞ்சி எடுத்தாக வேண்டும். எனவே ஸெப்டிக் டாங்கு என்பது நான்கு அங்கங்கள் கொண்ட ஏற்பாடு: தொட்டி, ஊறல் குழி, உறிஞ்சும் வண்டி, வண்டி கொண்டுபோய்க் கொட்டுவதற்கு ஒரு சுத்திகரிப்பு நிலையம். நான்கில் முதல் அங்கத்தை மட்டும் கட்டிவிட்டு, மற்ற மூன்றையும் மறந்துவிடுவதே நம் கிராமங்களில் பெரும்பாலும் நடைபெறுவது. தொட்டியின் நீர் தெருக் கால்வாய்க்கும், கால்வாய் நீர் ஏரிக்கும் போகிறது. அவ்வேரிக் கரையிலே ஊராரின் குடிநீர்க் கிணறு இருக்கிறது!

தொட்டியும் ஒழுங்காகக் கட்டப்படுவதில்லை. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு ஒன்றரை மீட்டர் நீளமும், முக்கால் மீட்டர் அகலமும், சுமார் ஒரு மீட்டர் நீர் ஆழமும் போதுமென்று இந்தியத் தரக்கட்டளை 2470 கூறுகிறது. ஓரிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை சுத்தம் செய்வார்களென்று கொண்டே இவ்வளவு விதிக்கப்பட்டது. நம்மவரோ ஓர் அறையளவு தொட்டி கட்டி, "இருபது வருஷத்துக்குத் திறக்க வேண்டியதில்லை" என்று பெருமை பேசுகின்றனர். இருபது வருஷம் கிடந்த வண்டல் இறுகிப் போகிறது. வண்டியின் குழாய் அதை உறிஞ்ச மாட்டாது. அப்பொழுதுதான் மேற்பலகையை உடைத்து, மண்வெட்டியும் வாளியுமாக ஒரு மனிதரை உள்ளே இறக்குகின்றனர். தொட்டி பெரிதாகப் பெரிதாக, அத்தகைய நாளும் நிச்சயமாகிறது. சந்தையில் விற்கும் பொடிகளைப் போட்டால் வண்டல் கரைந்துவிடுமென்று சிலர் நம்புகின்றனர். எந்தப் பொடியும் வண்டலை எடுக்கும் அவசியத்தை நீக்காது.

உள்ளே இறங்குபவர் யார்?

மூடிக் கிடந்த தொட்டியில் பிராணவாயு குறைந்து, ஹைடிரஜன் ஸல்பைடு என்னும் நச்சுவாயு தங்கியிருக்கும். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் வீசும் இவ்வாயு, அளவு மிகுந்தவுடன் நாசியின் உணர்ச்சியையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டதென்று நினைப்பவர் அடுத்த நிமிஷம் மயங்கி விழுகிறார். அவரைத் தூக்க இறங்கும் இரண்டாமவரும் விழுகிறார். ஒரே தொட்டியில் இருவர் மூவராக மாண்ட செய்திகளைப் பத்திரிகைகளில் நாம் திரும்பத் திரும்பப் படிப்பதன் காரணம் இதுவே. சாக்கடையிலும் கழிவுத் தொட்டியிலும் மாண்டவர் தொகை மிகுதியாகப் பதிவான மாநிலங்களுள் நம் தமிழ்நாடு முன்னணியில் நிற்பது நமக்குத் தலைகுனிவாகும். மாண்டவர் பெரும்பாலும் எந்த ஜாதியார் என்பதை நாம் எழுதவும் வேண்டுமோ? பிறப்பினால் ஒரு கூட்டத்தாரை இவ்வேலைக்கென்று ஒதுக்கி வைத்த பாவம் இன்னும் நம்மை விட்டு அகலவில்லை.

சட்டம் இவ்விஷயத்தில் மௌனமாயில்லை. 2013-ம் வருஷத்தில் இயற்றப்பட்டு, அவ்வருஷம் டிசம்பர் 6-ந் தேதி முதல் அமலுக்கு வந்த சட்டம், பாதுகாப்பின்றிக் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய எவரையும் ஏவலாகாதென்று தடுக்கிறது. நகரசபையையும் கண்டிராக்டரையும் மட்டும் அது கட்டுப்படுத்துவதாகப் பலர் எண்ணியிருக்கின்றனர். அது தவறு. "எந்த நபரும்" என்ற சொல்லில் வீட்டுக்காரரும் அடங்குவர். முதற் குற்றத்துக்கு இரண்டு வருஷம் வரை சிறைவாசமோ, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, அல்லது இரண்டுமோ விதிக்கப்படலாம். மறுமுறை செய்தால் ஐந்து வருஷமும் ஐந்து லட்சமும் வரை செல்லும். ஸபாய் கர்மசாரி ஆந்தோலன் தொடுத்த வழக்கில் 2014-ம் வருஷம் மார்ச்சு 27-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டார், சாக்கடை மரணம் ஒவ்வொன்றுக்கும் பத்து லட்சம் ரூபாய் நஷ்டஈடு கொடுக்க உத்தரவிட்டனர். 2023-ம் வருஷம் அக்டோபர் 20-ந் தேதித் தீர்ப்பில் அத்தொகை முப்பது லட்சமாக உயர்த்தப்பட்டது. நஷ்டஈடு விதவையின் அடுப்பை எரிக்கலாம். அவள் கணவனை மீட்டுத் தராது. மரணத்துக்குக் காரணமான தொட்டியைக் கட்டாமலிருப்பதே சட்டத்துக்கு நாம் செய்யும் மெய்யான மரியாதை.

இரட்டைக் குழி

கட்டாமலிருந்தால் வேறு வழி என்னவென்று கேட்கலாம். வழி இருக்கிறது, புதியதுமன்று. 1950-களில் சிங்கூர், நஜப்கர், நம் சென்னையை அடுத்த பூந்தமல்லி ஆகிய இடங்களில் கிராமக் கழிப்பறையைப் பற்றி ஆராய்ச்சிகள் நடத்தப்பட்டன. குறைந்த நீரில் கழுவப்படும் நீரடைப்புக் கழிப்பறை அவற்றின் பயனாக உருவாயிற்று. 1970-ல் பீகாரில் ஸுலப் ஸ்தாபனத்தைத் தொடங்கிய ஸ்ரீ பிந்தேசுவர பாடக், இரட்டைக் குழி முறையை நாடெங்கும் பரப்பினார். தோட்டி வேலையிலிருந்து மனிதரை விடுவிப்பதே அவர் கொண்ட நோக்கம். 2023-ம் வருஷம் சுதந்திர தினத்தன்று அவர் காலமானார்.

இம்முறையில், குறுக்களவும் ஆழமும் சுமார் ஒவ்வொரு மீட்டராக இரண்டு குழிகள் வேண்டும். இரண்டுக்குமிடையே ஒரு மீட்டர் இடைவெளி விடவேண்டும். சுவரில் துவாரங்கள் விட்டுச் செங்கல் அடுக்கலாம். துவாரமுள்ள சிமெண்டு உறைகளும் இறக்கலாம். அடியில் தளம் போடக்கூடாது. கழிப்பறையிலிருந்து வரும் குழாய் ஒரு சிறு தொட்டியில் இரண்டாகப் பிரிந்து இரு குழிகளுக்கும் செல்லும். ஒரு வழியைச் செங்கல்லால் அடைத்து, மற்ற வழியை மட்டும் திறந்து வைக்க வேண்டும். நீரும் வாயுவும் துவாரங்களின் வழியே மண்ணில் சுவறிவிடும். ஆகவே புகைபோக்கிக் குழாயும் தேவையில்லை. ஐந்து பேர் உள்ள வீட்டில் ஒரு குழி நிரம்பச் சுமார் மூன்று வருஷமாகும். நிரம்பியதும் அதை அடைத்து, மற்றக் குழியைத் திறக்க வேண்டும். அடைத்த குழி இரண்டு வருஷம் தீண்டப்படாமல் கிடந்தால், உள்ளிருந்த மலம் நாற்றமற்ற மண்ணாகிவிடும்; கிருமிகளும் மடிந்துவிடும். அது வயலுக்கு நல்ல எரு. வீட்டுக்காரர் தாமே வெட்டி எடுக்கலாம். தொட்டியில் இறங்குபவர் யார் என்ற கேள்விக்கு இம்முறை ஒன்றே மானமுள்ள விடையளிக்கிறது.

இதில் அருவருப்பு ஏதுமில்லையென்பதை நிரூபிக்க, 2017-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில், மத்திய சர்க்காரின் சுகாதாரத் துறைக் காரியதரிசியாயிருந்த ஸ்ரீ பரமேசுவரன் ஐயர், தெலுங்கானாவில் வாரங்கல் பக்கத்துக் கங்காதேவிப்பள்ளி கிராமத்தில் தாமே ஒரு குழியில் இறங்கி எருவை அள்ளிக் காட்டினார். 1901-ல் கல்கத்தா காங்கிரஸ் மகாசபைக்கு வந்த காந்தியடிகள், பிரதிநிதிகளின் கழிப்பறை கிடந்த கேட்டைப் பொறாமல் துடைப்பத்தைத் தாமே கையிலெடுத்ததை நம் வாசகர்கள் அறிவர். அவருடைய நிர்மாணத் திட்டத்தில் கிராம சுகாதாரமும் ஓர் அங்கம். இரட்டைக் குழியைக் கட்டிவிட்டு, எருவை எடுக்கச் சேரியிலிருந்து ஆள் அழைப்பாராயின், அவ்வீட்டுக்காரர் குழியை மாற்றினாரேயன்றிப் புத்தியை மாற்றவில்லை என்றே சொல்ல வேண்டும்.

நம் கொத்தனார்கள் இதிலும் இரண்டு தவறுகளைச் செய்கின்றனர். இரு குழிகளுக்கும் ஒரே சமயத்தில் நீரை விட்டுவிடுகின்றனர். அல்லது ஒரே குழியைப் பத்து உறை ஆழத்துக்கு இறக்கிவிடுகின்றனர். முதல் தவற்றினால் இரண்டும் சேர்ந்தே நிரம்பும். எதுவும் மண்ணாக அவகாசமிராது. இரண்டாவது தவறு, மலத்தை நேரே நிலத்தடி நீரில் கொண்டு சேர்ப்பது. மேல் மண்ணே கிருமிகளைக் கொல்லும் வல்லமை மிக்கது. ஆழம் அதிகமானால் நன்மை அதிகமென்று எண்ணுவது கிணற்றுக்குத்தான் பொருந்தும்.

மண்ணைக் கேட்டுக் கட்டுங்கள்

எல்லா ஊருக்கும் இரட்டைக் குழியே பொருந்துமென்று நாம் வாதிக்கவில்லை. மண்ணையும் நீர் மட்டத்தையும் பார்த்தே முடிவு செய்யவேண்டும். மண்ணைச் சோதிப்பது எளிது. குழி அமையும் ஆழத்தில் சாண் அகலத்துக்கு ஒரு பள்ளம் தோண்டி, இரவு முழுவதும் நீரூற்றி ஊறவிட வேண்டும். மறுநாள் காலையில் மீண்டும் நீர் நிரப்பி, அது 25 மில்லிமீட்டர், அதாவது ஓர் அங்குலம், இறங்க எத்தனை நிமிஷம் ஆகிறதென்று கடிகாரம் வைத்துப் பார்க்க வேண்டும். முப்பது நிமிஷத்துக்குள் இறங்கினால் ஊறல் குழிக்கு ஏற்ற மண். முப்பதுக்கும் அறுபதுக்கும் இடையே ஆனால் குழியை விட்டு, நீண்ட ஊறல் வாய்க்கால் வெட்ட வேண்டும். அறுபதுக்கு மேலானால் அம்மண் நீரை ஏற்காது. நம் கரிசல் பூமியில் பல இடங்களில் இத்தொல்லை உண்டு. அங்கே தொட்டியிலிருந்து வரும் நீரை, தரைக்கு மேல் ஜல்லி நிரப்பிக் கட்டிய வடிகட்டியில் செலுத்தவேண்டும்.

அடுத்தது நீர் மட்டம். மழைக்காலத்தில் கிணற்று நீர் எவ்வளவு உயரம் வருகிறதோ, அதற்கு மேல் இரண்டு மீட்டராவது குழியின் அடி உயர்ந்திருப்பது நலம். குடிநீர்க் கிணற்றுக்கும் குழிக்கும் பத்து மீட்டருக்குக் குறையாத தூரம் வேண்டும். மணற்பாங்கான கடலோரத்தில் நீர் விரைந்து ஓடுமாதலால் தூரம் இன்னும் கூடுதலாயிருக்க வேண்டும். குழியின் அடியை மூடி, சுற்றிலும் அரை மீட்டர் கனத்துக்கு நுண்மணல் இடவும் வேண்டும். தஞ்சை, நாகை ஜில்லாக்களில் ஐப்பசி, கார்த்திகையில் நீர் தரையைத் தொடும் ஊர்கள் உண்டு. அங்கே குழிகளைத் தரைக்கு மேல் உயர்த்திச் சுற்றிலும் மண் அணைத்துக் கெட்டிக்கலாம். அதுவும் ஆகாத இடங்களில், நீரை உபயோகியாமல் மலத்தையும் சிறுநீரையும் தனித்தனியே பிரித்து, சாம்பல் தூவி உலர்த்தும் கழிப்பறை உண்டு. திருச்சி ஜில்லா முசிறிப் பக்கத்தில், காவேரிக் கரையில், 'ஸ்கோப்' என்னும் தொண்டு ஸ்தாபனம் இம்முறையை நடத்திக் காட்டியது. அதன் தலைவர் ஸ்ரீ மராச்சி சுப்புராமனுக்கு 2021-ம் வருஷத்தில் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பாறை பூமியில் வெட்ட முடியாதவர்க்கும் இம்முறை உதவும். ஆனால், வீட்டார் அனைவரும் பழகிக்கொண்டாலன்றி இது நிலைக்காது.

இவை யாவும் பொருந்தாத இடத்தில், ஸெப்டிக் டாங்கு கட்டுவதை நாம் ஆட்சேபிக்கவில்லை. நெருக்கமான பெரிய ஊர்களில் அதுவே வழியாகவும் இருக்கலாம். ஆனால் நான்கு அங்கங்களுடனும் கட்டட்டும். அடியில் தளமும் உட்பூச்சும் இருக்கட்டும். நடுவே தடுப்புச் சுவர் இருக்கட்டும். திறக்கக்கூடிய மூடி இருக்கட்டும். காற்றுக்குழாயின் வாயில் கொசு வலை இருக்கட்டும். வண்டி வரத் தெருவில் வழி இருக்கட்டும். வண்டி எங்கே கொட்டுகிறதென்பதையும் விசாரித்தறிய வேண்டும். இரவில் ஓடையிலோ, புறம்போக்கிலோ கவிழ்த்துவிட்டுப் போகும் வண்டிக்குப் பணம் கொடுப்பவர், அக்குற்றத்தில் பங்காளியாகிறார். 2014-ம் வருஷத்திலேயே தமிழ்நாட்டுச் சர்க்கார் ஸ்தல ஸ்தாபனங்களுக்கு இவ்வண்டலைப் பற்றி வழிகாட்டும் விதிகள் வகுத்தனர். 2017-ல் கருங்குழிப் பேரூரில் வண்டலுக்கென்றே தனிச் சுத்திகரிப்பு நிலையம் தோன்றியது. அத்தகைய நிலையம் எட்டும் தூரத்தில் இல்லாத கிராமம் பெரிய தொட்டிகளை நம்புவது, பாலமில்லாத ஆற்றுக்கு மோட்டார் வாங்குவது போலாகும்.

ஊராட்சியின் கடமை

வீட்டுக்காரர் எவ்வளவு ஜாக்கிரதையாயிருந்தும், தெருவின் வடிகாலை அவரொருவர் கட்டிவிட முடியாது. 1994-ம் வருஷத்துத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, வடிகால் அமைத்துக் கழிவு நீரை அகற்றுவது கிராம ஊராட்சியின் கடமை. பணமில்லையென்ற பழைய பல்லவியைச் சட்டம் ஏற்காது. மத்தியப் பிரதேசத்து ரத்லம் நகரசபையார் அதே சாக்கைச் சொல்லியபொழுது, 1980-ம் வருஷத்தில் நீதிபதி கிருஷ்ணய்யர் அதை மறுத்து, ஜனங்களின் சுகாதாரத்துக்கு வடிகால் கட்டுவது தப்பமுடியாத கடமையென்று தீர்ப்பளித்தார். ஜனங்கள் அங்கே பிடித்த ஆயுதம் கிரிமினல் நடைமுறைச் சட்டத்தின் 133-வது பிரிவு. 2023-ம் வருஷத்துப் புதிய சன்ஹிதையில் அது 152-வது பிரிவாக இன்றும் உயிருடன் இருக்கிறது. பொதுத் தொல்லையை அகற்றும்படி மாஜிஸ்திரேட்டிடம் மனுக் கொடுக்க எந்தக் குடியானவருக்கும் உரிமையுண்டு.

பணமும் அறவே இல்லாமற் போகவில்லை. பதினைந்தாவது நிதிக் குழு, 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு ஊராட்சிகளுக்கு வகுத்த மானியத்தில் நூற்றுக்கு அறுபது பங்கை, குடிநீருக்கும் சுகாதாரத்துக்குமென்றே கட்டி ஒதுக்கியது. அத்தொகை தம் ஊரில் எதற்குச் செலவாயிற்றென்று கணக்குக் கேட்டவர் எத்தனை பேர்? குடியரசு தினம், தண்ணீர் தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜயந்தி, உள்ளாட்சி தினம் என வருஷத்தில் ஆறு நாட்கள் கிராம சபை கூடுகிறது. பெரும்பாலும் கையெழுத்து வாங்குவதோடு அது கலைந்துவிடுகிறது.

ஆதலால் ஊழியர்களுக்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் இதுவே. அடுத்த கிராம சபைக்கு முன்பாக, உங்கள் ஊரில் வீடு வீடாகச் சென்று மூன்றே விஷயங்களைக் குறித்து வாருங்கள்: தரைக்கடியில் இருப்பது எவ்வகை, அதன் நீர் எங்கே போகிறது, கடைசியாக அதை யார், எப்பொழுது சுத்தம் செய்தார். அக்கணக்கைச் சபையில் படியுங்கள். மண் சோதனையைத் தெருவுக்கு ஒன்றாக நடத்திக் காட்டுங்கள். கொத்தனார்களை அழைத்து, இரட்டைக் குழி ஒன்றை அனைவரும் பார்க்கப் பொது இடத்தில் கட்டச் சொல்லுங்கள். அது நிரம்பி ஆறிய நாளில், எருவை அள்ளும் முதல் மண்வெட்டி ஊராட்சித் தலைவர் கையிலும், இரண்டாவது உங்கள் கையிலும் இருக்கட்டும். மேடைகளில் சமத்துவம் பேசுவோர் யாவரும் அந்நாளில் அங்கே வந்து சேரட்டும்.

அடைக்கப்பட்ட குழியில் ஒரு பிடி மண்ணாவதற்கு இரண்டு வருஷம் பொறுக்கவேண்டும். தொட்டிக்குள் இனி ஒரு மனிதரையும் இறக்குவதில்லையென்று ஓர் ஊர் தீர்மானிப்பதற்கு ஒரு நாள் போதும்.